பேட் இங்கிலிஷுக்கு ஒரு வரிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எண்பதுகளின் ராக் இசை பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் பேட் இங்கிலிஷ் குழுவை, ஒரே பாட்டில் பேர் வாங்கி, அடுத்த ஆல்பம் தோல்வியானதும் காணாமல் போனவர்கள் என்று ஒரு வரியில் முடித்திருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. ஜான் வெயிட், ஜொனாதன் கெய்ன், ரிக்கி பிலிப்ஸ் மூவரும் தி பேபிஸ் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். கெய்ன் 1980-இல் ஜர்னி என்ற ராக் குழுவுக்குப் போனார். 1987-இல் ஜர்னி ஓய்ந்ததும் பழைய கூட்டாளிகள் மறுபடி சேர்ந்தார்கள். கிதாருக்கு ஜர்னியின் நீல் ஷோன், டிரம்ஸுக்கு டீன் காஸ்ட்ரோனோவோ. மேசையில் கோலால் பந்தை அடிக்கும் பூல் விளையாட்டு ஆடும்போது வெயிட் ஒரு பந்தைக் குறி தப்பி அடித்தாராம். பந்துக்குக் கொடுக்கும் சுழலுக்கு அமெரிக்காவில் 'இங்கிலிஷ்' என்று பேர். அவருடைய இங்கிலிஷ் மோசம் என்று கெய்ன் கிண்டலடிக்க, குழுவுக்கு அதுவே பெயராகிவிட்டது.

1989 நவம்பரில் 'வென் ஐ சீ யூ ஸ்மைல்' அமெரிக்காவில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. சரி, அதை எழுதியவர் டயான் வாரன், குழுவைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் பாடியவிதத்தைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வெயிட் தணிவாகத் தொடங்குவார். பல்லவி நெருங்கும்போது குரலில் ஒரு கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்புக்காகவே எத்தனையோ இரவுகள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம் ஐந்தாம் இடம் வரை போன 'பிரைஸ் ஆஃப் லவ்' வெயிட்டும் கெய்னும் எழுதியது. அப்புறம் எப்படி ஒரே பாட்டு?

சரக்கு தீர்ந்துபோய் அவர்கள் பிரியவும் இல்லை. இசை பாப் பக்கம் சாய்வது ஷோனுக்கும் காஸ்ட்ரோனோவோவுக்கும் பிடிக்கவில்லை. இரண்டாவது ஆல்பமான 'பேக்லாஷ்' மிக்ஸிங் முடிவதற்குள் குழு உடைந்துவிட்டது. 1991-இல் அது கடைக்கு வந்தபோது, மேடையேறிப் பாட ஆளில்லை. அப்படிப்பட்ட ஆல்பத்தைத் தோல்வி என்று எழுதுவது நியாயமா?

ஷோனும் காஸ்ட்ரோனோவோவும் ஹார்ட்லைன் குழுவுக்குப் போனார்கள். 1996-இல் ஜர்னி மறுபடி ஆல்பம் போட்டபோது ஷோனும் கெய்னும் அதில் இருந்தார்கள். பிலிப்ஸ் 2003-இல் ஸ்டிக்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தார்.

கட்டுரைத் தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு பக்கமாவது இந்த ஐந்து பேருக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி