பக்கத்து ஒழுங்கை அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

வெள்ளம் வடிந்து எட்டு நாளாகிறது. வீட்டில் சேற்று மணம் இன்னும் போகவில்லை. அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள்.

அம்மாவைக் கதிரையோடு தூக்கிப்போன பொடியன்கள், மூன்று நாளும் சோறு அனுப்பிய அக்காமார், என் கொப்பிகளைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்ட பிள்ளைகள், பூசை முடிந்த கையோடு மண்வெட்டியோடு வந்த பங்குச் சுவாமி, ஒருவரையும் மறக்கமாட்டேன். எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது ஒரு புத்தகத்துக்காக.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ முப்பது வருடமாக என் மேசையில் இருந்தது. அது கூழாகிவிட்டது. மானிப்பாயில் 1875இல் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, 1901இல் குருவானவர் அவர். யாழ்ப்பாண அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான வைபவமாலை சொல்வதைப் போர்த்துக்கேயர் எழுதிவைத்ததோடு ஒப்பிட்டு எங்கள் சரித்திரத்தைத் தேடினார். கத்தோலிக்க வேதத்துக்காக வாதாடிச் சிறு நூல்களும் எழுதினார். இரண்டையும் செய்யப் பார்க்கிற எனக்கு அவர்தான் வழி. அந்தப் புத்தகம் போனபிறகு பேனையைத் தொடவே மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் பக்கத்து ஒழுங்கை அண்ணை வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பொலித்தீன் பை. உள்ளே அதே புத்தகம், அவருடைய அப்பாவின் பிரதி. அவர் வீட்டிலும் முழங்காலளவு தண்ணீர். அவர் பரணில் முதலில் ஏற்றிய சாமான்களில் இதுவும் ஒன்று. எங்கள் வேதக்காரச் சுவாமியாரின் புத்தகம்!

விரித்தால் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அண்ணையின் அப்பா பக்கத்துக்குப் பக்கம் சுவாமியாரோடு சண்டை பிடித்திருக்கிறார். 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்லுவித்த சங்கதி வரும் இடத்தில், “சமயத்துக்காகவா, போர்த்துக்கேயருக்குப் பயந்தா? இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும்” என்று இருக்கிறது.

நான் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேதசாட்சிகளைப் பற்றி எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! அவர்கள் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் மன்னன் பக்கத்துக் கணக்கு வேறாக இருந்திருக்கலாம். ஞானஸ்நானம் பெற்ற குடிகள் போர்த்துக்கேயர் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம் அவனுக்கு இருந்திருக்கும். செத்தவர்களின் மனமும் கொன்றவனின் மனமும் ஒன்றல்ல. இதை நான் ஒருநாளும் பிரித்து எழுதியதில்லை.

“திருப்பித் தரவேண்டிய நாள் எப்ப, அண்ணை?” என்று கேட்டேன்.

“அப்பாவின்ரை கேள்விகளுக்குப் பதில் எழுதிப்போட்டுத் தாங்கோ” என்றார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார், அவர் வீட்டிலும் சேறு வழிக்கக் கிடந்தது.

அண்ணை, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். இனி வேதத்துக்காக எதை எழுதினாலும் எதிர்ப்பக்கக் கேள்வியை அவர்கள் கேட்டபடியே முழுதாக முதலில் போடுவேன். அப்பாவின் கையெழுத்தை எழுத்துப் பிசகாமல் ஒரு புதுக் கொப்பியில் பெயர்த்து வருகிறேன். நேற்றிரவு வரை நாற்பத்தொரு கேள்வி. மன்னார்க் கேள்விக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பிரதி உங்களுக்கு.