பழைய பக்கத்துக்குத் தேதியை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளம் நடத்தி வருமானம் ஈட்டுவது பற்றி உங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தினமும் பத்துப் பதிவு போடுங்கள், பழைய பதிவுகளின் தேதியை மாற்றி மேலே கொண்டுவாருங்கள், இடம் கிடைக்கும் இடமெல்லாம் விளம்பரம் வையுங்கள் என்கிறது அது. தையல் எந்திரப் பழுதுகளைப் பற்றித் தமிழில் பதினோரு ஆண்டுகளாக ஓர் இணையதளம் நடத்திவருகிறேன். இந்த யோசனைகளை நம்பி ஒருவரும் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. என் தளத்தில் 312 பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒன்பது பக்கங்களைத் தேடித்தான் வருகிறார்கள். துணியின் அடியில் நூல் கொத்தாகச் சிக்குவது பற்றிய பக்கம் அவற்றில் முதலாவது. அதை எழுதியபோது, அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் துடையுங்கள் என்றுதான் தொடங்கியிருந்தேன். ஒரு பெண்மணி அதைப் படித்துவிட்டு, சொன்னதையெல்லாம் செய்தும் சிக்கு தீரவில்லை என்று எழுதினார். அவர் எந்திரத்தில் நூல் கோக்கும் விதத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே மேல்நூலைக் கோத்திருக்கிறார்! பாதம் இறங்கியிருந்தால், மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகிக்கொள்ளும். நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. சிக்கு அடியில் தெரிந்தாலும் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். அன்றிரவே அந்தப் பக்கத்தின் தொடக்கத்தை அழித்துவிட்டு, ‘பாதத்தைத் தூக்குங்கள், மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள்’ என்று எழுதினேன். தேதியையும் மாற்றினேன். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது. உள்ளே ஒரு சொல்லும் மாறாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது, நம்பி வருகிறவரை ஏமாற்றுவது. கூகுளும் தன் வழிகாட்டுதலில், பக்கம் புதிதுபோலத் தோன்றவேண்டும் என்பதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்று வெளியீட்டாளர்களைக் கேட்கிறது.

தினமும் பத்துப் பதிவு என்பதற்கும் அதே பதில்தான். தேடல் தரவரிசையைக் குறிவைத்துப் பயனற்ற பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் விதிமீறல் என்று அறிவித்தது. கணினி எழுதினாலும் மனிதர் எழுதினாலும் அந்த விதி ஒன்றுதான். நான் மாதத்துக்கு இரண்டு பக்கங்களுக்கு மேல் எழுதுவதில்லை. மீதி நேரமெல்லாம் பழையவற்றைத் திருத்துவதற்குத்தான் சரியாக இருக்கிறது.

எதைத் திருத்துவது என்று எனக்குச் சொல்லித்தருவது, தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி. மக்கள் என்ன தேடி நம் பக்கத்தைக் கண்டார்கள் என்று அதில் வரிசையாகப் பார்க்கலாம். பதினாறு மாதக் கணக்கு அதில் இருக்கும். நான் ‘தையல் எந்திரம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். தேடுகிறவர்களோ மிஷின், மெஷின், இயந்திரம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘நூல் அறுந்துகொண்டே இருக்கிறது’ என்று தேடுகிறவருக்கு ‘நூல் இழுவிசைக் குறைபாடுகள்’ என்ற என் தலைப்பு எப்படிக் கண்ணில் படும்? தலைப்பை அவர்கள் சொல்லுக்கே மாற்றினேன். எல்லா எழுத்துமுறைகளையும் ஒரே பத்தியில் திணிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் படிக்கச் சகிக்காது, நான் செய்ததில்லை.

இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே விடையும் வந்துவிடுகிறது. என் பக்கங்கள் முன்புபோலவே காட்டப்படுகின்றன; உள்ளே வருகிறவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். அதனால், வந்தவரை நல்லபடியாக வைத்துக்கொள்வது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

விளம்பரம் பற்றி என் அனுபவத்தைச் சொல்லவேண்டும். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018-ல்தான். அதுவரை என் தளத்தால் எனக்குச் செலவு மட்டுமே. அது வந்த மகிழ்ச்சியில் பத்திக்கு ஒரு விளம்பரம் வைத்தேன். என் வாசகர்கள் ஒரு கையை எந்திரத்திலும் மறு கையைப் போனிலும் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள். மூன்றாவது படியைப் படித்து முடிக்கும்போது தாமதமாக ஒரு விளம்பரம் வந்து விழும்; நான்காவது படி கீழே நழுவும்; தொடப்போன விரல் விளம்பரத்தில் பட்டு, வேறெங்கோ போய்விடுவார்கள். இதை ஒருவர் சொல்லி, என் போனிலேயே பார்த்தபோது வெட்கமாக இருந்தது. செய்முறைக்கு நடுவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த இரண்டுக்கும் உரிய உயரத்தை முன்பே ஒதுக்கிவைத்ததால் இப்போது எதுவும் நழுவுவதில்லை. இரண்டு மாதம் வருமானம் இறங்கியது. பிறகு ஒரு பக்கம் படித்தவர் அடுத்ததையும் படிக்கத் தொடங்கினார். பழைய அளவுக்கு வந்துவிட்டது. 2024 முதல் சொடுக்குக்குப் பதிலாக விளம்பரம் காட்டப்படுவதற்குப் பணம் தருகிறார்கள் என்பதால் விளம்பரங்களைக் குவிக்கலாம் என்று கட்டுரையாளர் கணக்குப் போடுகிறார். வாசகர் பாதியிலேயே எழுந்து போய்விட்டால் காட்டுவது யாருக்கு? இன்னொன்று: உதவி செய்வதாக நினைத்து வீட்டிலிருப்பவர்கள் நம் விளம்பரங்களைத் தட்டுவதுண்டு. அதனால் நம் ஆட்சென்ஸ் கணக்கே முடக்கப்படலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே வீட்டில் சொல்லிவையுங்கள்.

கட்டுரை தொடாமலே விட்டது ஒன்று உண்டு. பக்கத்தின் முகவரி. ஒருமுறை தளத்தைப் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தவர், எல்லா முகவரிகளையும் மாற்றிவிட்டார். பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்டைப் போடவில்லை. எனக்கும் அப்போது அது தெரியாது. சில வாரங்களில் வருகை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஒரு நோட்டில் இடப்பக்கம் பழைய முகவரியும் வலப்பக்கம் புதியதுமாக எழுதத் தொடங்கினேன். தமிழ் முகவரிகளைப் படியெடுத்தால் அவை தமிழாக வருவதில்லை. சதவீதக் குறிகளும் எழுத்துகளும் எண்களுமாக விரிகின்றன. ‘த’ என்ற ஓரெழுத்து ஒன்பது குறிகள். ‘தை’ என்றால் பதினெட்டு. நோட்டில் எழுதி மாளாது என்று கணினிக்கு மாறி, ஒவ்வொன்றாக ஒட்டி, திறந்து பார்த்து, பதினெட்டு இரவுகளில் முடித்தேன். அந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறார்கள். நான் இன்றுவரை எடுக்கவில்லை. யாரோ ஒருவர் குறித்துவைத்த பழைய முகவரி அவரை வெறும் பக்கத்துக்கு இட்டுச்செல்லக் கூடாது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. நெசவு, நூல், துணி பற்றி உங்கள் நாளிதழில் வந்த நல்ல கட்டுரைகளை என் பக்கங்களில் இணைத்திருக்கிறேன். உங்கள் இணையதளம் புதுவடிவம் பெற்றபின் அவற்றில் ஏழு இணைப்புகள் ‘பக்கம் இல்லை’ என்கின்றன. கட்டுரைகளின் தலைப்புகளையும் பழைய முகவரிகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவை வேறு முகவரியில் இருந்தால் தெரிவியுங்கள், என் பக்கங்களில் மாற்றிவிடுகிறேன். நீக்கப்பட்டிருந்தால், தயவுசெய்து மீண்டும் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
தையல் எந்திரத் தளம் நடத்தும் வாசகி