சூரிச் – லண்டன் பறப்பு நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிச்சில் மகளும் லண்டனில் மகனும் வாழும் கல்லடித் தாய் நான். இந்த இரு நகரங்களுக்கும் இடையில் முக்கால் மணி நேரப் பறப்புத்தான் என்று இங்குள்ள பயண முகவர் ஒருவர் அடித்துச் சொன்னார். வான்வழித் தூரமே ஏறக்குறைய 780 கிலோமீற்றர். ஒன்றே முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. அதனால் 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 10.45க்கு இறங்குவதாக டிக்கெட் காட்டுகிறது. திரும்பும்போது அதே பயணம் இரண்டே முக்கால் மணி நேரமாகத் தெரியும். நேரம் பார்த்து இன்சுலின் ஏற்றும் முதியவர்களுக்கு இது சின்ன விடயமா? சுவிஸ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு லண்டனுக்குள் நுழைய முடியாது என்பதையும் அவர் சொல்லவில்லை. உங்கள் பயணப் பக்கத்திலாவது உள்ளூர் நேரத்துடன் பறக்கும் நேரத்தையும் தனியாக அச்சிடுங்கள்.

ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு.