பின்மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கோயிலின் பின்மண்டபம், அதை ஒட்டிய அன்னதானச் சமையலறை, கிழக்குப் பக்கத்துத் திறந்தவெளி ஆகிய மூன்றிலும் பொதுக்கூட்டம் ஒப்புதல் அளித்த வேலைகள் முடிந்துவிட்டன. புண்ணியாகவாசனமும் சிறிய அளவில் கணபதி ஹோமமும் செய்து, சனிக்கிழமைப் பிள்ளைகள் வகுப்புகளைப் புதிய இடத்துக்கு மாற்றியாயிற்று. தணிக்கையாளர் சரிபார்த்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் வருகிறது. செலவு ஏன் அப்படிப் போனது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

"திருப்பணின்னா கோபுரம், விமானம், சுதை வேலை. கை கழுவுற தொட்டிக்கும் சாக்கடைக்கும் எதுக்குப்பா இந்தப் பேரு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கோபுர நிதியில் நாங்கள் கை வைக்கவில்லை. அடுத்த குடமுழுக்குக்காக அது அப்படியே இருக்கிறது. பின்மண்டபத்துக்கென்று தனியாகத் திரட்டிய நன்கொடைதான் செலவானது. அவர் கேட்டதன் மறுபாதிக்கு எங்கள் பதில் இது: தேவாரம், பரதம், துணைப்பாடம் என்று வந்து, வாரத்தில் அரைநாளை இந்த மண்டபத்தில் கழிக்கும் பிள்ளைகள் இங்கே என்ன சாப்பிடுகிறார்கள், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், எங்கே ஓடி விளையாடுகிறார்கள் என்பதும் கோயிலின் பொறுப்பு.

சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் இதற்கெல்லாம் வரைமுறை வந்து நாளாகிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளி உணவுத் திட்டம் 2011ல் தொடங்கியது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பொரித்ததைக் குறைத்து, காயும் பழமும் முழுத்தானியமும் சேர்த்து, இனிப்பான பானங்களை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது அது. திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளை அப்படிச் சாப்பிட்டுவிட்டுச் சனிக்கிழமை கோயிலுக்கு வந்தால், நாம் கையில் கொடுப்பது போண்டா, கேசரி, ஒரு டம்ளர் பண்டோங் என்னும் ரோஜாப் பாகுப் பானம். பள்ளிக்கு வரைமுறை இருக்கிறது, வீட்டுக்கு அம்மா இருக்கிறார், நடுவில் இருக்கும் நமக்குக் கேட்பாரில்லை.

இதில் ஒரு விஷயத்தில் குழு தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தது: எந்தப் பிள்ளையையும் எடை பார்ப்பதில்லை. இன்று பெற்றோராக இருக்கும் நம்மில் பலர் 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தின் காலத்தில் படித்தவர்கள். குண்டான பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்டதும், மற்ற பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்களும் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை நன்கொடையாகத் தர முன்வந்த அன்பருக்கு நன்றி சொல்லி, அதே தொகையைக் குடிநீர்க் குழாய்களுக்கு வாங்கிக்கொண்டோம்.

சமையலறைக்குத்தான் அதிகச் செலவு. அடுப்பைவிட, கண்ணுக்குத் தெரியாத, கழிவுநீரில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் பொறிக்கும் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களுக்குமே பெரும்பகுதி போனது. தரைச் சரிவை முதலில் போட்ட ஒப்பந்தக்காரர் தண்ணீர் வாசலை நோக்கி ஓடும்படி போட்டுவிட்டார். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் இடம் என்பதால் விட்டுக்கொடுக்கவில்லை; ஓடுகளைப் பெயர்த்து அவர் செலவிலேயே மறுபடி போட வைத்தோம். தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுதான்.

பெரிய வடைச் சட்டி இருந்த இடத்தில் இப்போது நீராவி அடுக்குகள் இருக்கின்றன. இட்லி, கொழுக்கட்டை, இடியாப்பம், சுண்டல் எல்லாம் அதில் ஆகிவிடும். வடை ஒழிந்துவிடவில்லை, அனுமனுக்கு வடைமாலை வழக்கம்போல் உண்டு. சனிக்கிழமைப் பிள்ளைகளின் தட்டில் மட்டும் அது இல்லை. அரிசி விஷயத்தில் நம் தலைமைச் சமையல்காரரோடு நடந்த பேச்சுவார்த்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழுப்பரிசி என்றதும், "அண்ணே, அதுல புளியோதரை கிண்டுனா புளிக்காய்ச்சல் ஒருபக்கம், சோறு ஒருபக்கம் நிக்கும். சாமி மன்னிச்சாலும் சனங்க மன்னிக்காது" என்றார். கடைசியில் அவரே வழியும் சொன்னார். நான்கு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு பழுப்பரிசியை முந்தைய இரவே ஊறவைத்து, பாதி வேகவிட்டுச் சேர்த்தார். எந்தப் பிள்ளையும் எதுவும் கேட்கவில்லை. பொரியலும் கூட்டும் பழமுமாகத் தட்டில் பாதி, சோறு கால், பருப்போ கடலையோ தயிரோ கால் என்பது கணக்கு. வாரியத்தின் 'என் ஆரோக்கியத் தட்டு' படத்தில் இருப்பதுதான் இது. அங்கே இருக்கும் மீனும் கோழியும் நம் அன்னதானத்தில் கடலையாகிவிட்டன.

பானங்களை மாற்றியபோதுதான் சிணுங்கல் அதிகம். கடைகளில் விற்கும் பானங்களில் ஏ, பி, சி, டி என்று தர அடையாளம் இருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30லும், கடையில் கலந்து கொடுப்பவற்றுக்கு 2023 டிசம்பர் 30லும் அது நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, அதாவது கடைசித் தரம். 250 மில்லிலிட்டர் டம்ளர் ஒன்றுக்கு அது 25 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஐந்துக்குக் குறையாது. நம் பழைய பண்டோங்கில் ரோஜாப் பாகுக்கு மேல் டின்பாலும் ஊற்றினோம். கோயில் இலவசமாகக் கொடுப்பதற்கு யாரும் 'டி' ஒட்டச் சொல்லப் போவதில்லை என்றாலும், அது எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என்பது தெரிந்ததே. இப்போது நீர்மோரும் தண்ணீரும்தான். விசேஷ நாளில் பாயசம் உண்டு, சிறிய கிண்ணத்தில்.

தண்ணீருக்கு விலையுயர்ந்த வடிகட்டி வைக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பல் சொத்தையைக் குறைக்க 1950களின் பிற்பகுதியிலிருந்தே அதில் ஃபுளூரைடு சேர்க்கப்படுகிறது. காசு கொடுத்து அதை எதற்கு வடிகட்ட வேண்டும்? ஆகவே குழாய்தான். ஆனால் பிள்ளைகள் ஓடிவந்து குடிக்கும் உயரத்தில், விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில், எவர்சில்வர் டம்ளர்களோடு. முன்பு தண்ணீர் அலுவலகத்துக்குள் இருந்தது. பண்டோங் பாத்திரம் வாசலில் இருந்தது. இப்போது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. தண்ணீர் குடியுங்கள் என்று சுவரில் எழுதிப் போடவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. டம்ளர்களைக் கழுவிப் போடும் தொண்டூழியர்கள்தான் வேலை கூடிவிட்டது என்கிறார்கள்.

மைசூர்பாகுக்கு வனஸ்பதி கேட்டவர்களுக்கு: வனஸ்பதி என்பது வழக்கமாகப் பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்; அதற்கு 2021 ஜூனிலிருந்து இந்நாட்டு உணவில் தடை. நெய் போடுகிறோம், அளவைக் குறைத்து.

சமையலறைக் கதவில் ஒரு சிறிய கரும்பலகை இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தைச் சுண்ணக்கட்டியால் அதில் எழுத வேண்டும். சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குள் செலவாக வேண்டும் என்பதுதான் இங்குள்ள நடைமுறை அறிவுரை. காலை நைவேத்தியச் சுண்டல் மாலை வரை வாளியில் காத்திருந்த காலம் போய்விட்டது. "பிரசாதம் கெடாதுங்க" என்ற வாதமும் வந்தது. பக்திக்கு மறுப்பில்லை, நம் ஊர் வெயிலுக்கு அது தெரியாது என்றோம்.

கை கழுவும் தொட்டிகளை ஐந்து வயதுப் பிள்ளை எக்காமல் எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். பெரியவர்கள் குனியத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருநீறும் குங்குமமும் செருப்பு வாரும் தொட்ட கையோடு பிள்ளைகள் பந்தியில் உட்காருகிறார்கள். 2000ல் கை, கால், வாய்ப் புண் நோய் பரவிப் பாலர் பள்ளிகளை மூடியது மூத்த பெற்றோருக்கு நினைவிருக்கும். அந்தக் கிருமி ஆல்கஹால் கலந்த கைச்சுத்தித் திரவத்துக்கு எளிதில் மசியாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். அதனால்தான் திரவப் புட்டிகளை வாங்கி அடுக்காமல் குழாய்க்குச் செலவழித்தோம்.

அடுத்தது, திட்டத்தில் முதலில் இல்லாத ஒரு வேலை. பின்மண்டபத்தின் மூலையில் அம்மன் பட்டுப்புடவைகளும் உற்சவ அலங்காரத் துணிகளும் இருந்த மர அலமாரி உங்களுக்குத் தெரியும். அதை நகர்த்தியபோது கீழ்த்தட்டு முழுக்க அந்துருண்டை. கதவைத் திறந்தால் கண் எரிந்தது. அதை ஒட்டித்தான் கைக்குழந்தைகளைத் தாய்மார் படுக்கவைப்பார்கள். நம் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி அக்கா அப்போதே நிறுத்தச் சொன்னார். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய்விடும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்த்துச் சொன்ன தகவல் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். அலமாரிக்குப் பக்கத்தில் படுக்கவைக்கும்போது அது யார் நினைவுக்கு வரும்? அந்துருண்டைகளை அகற்றி, துணிகளைக் காற்றாட விட்டு, காற்றுப்புகாத பெட்டிகளில் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனோம். பட்டுப்புடவை சாத்துகிற உபயதாரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும்போதும் அந்துருண்டை வாடை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஹோமப் புகை குறித்துக் குருக்களோடு பேசினோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் சிலர் வகுப்புக்கு வருகிறார்கள். ஹோமகுண்டத்தின் இடத்தை மாற்றவில்லை. மேலே புகையிழுப்பு விசிறியும், வகுப்புப் பக்கம் கண்ணாடிக் கதவும் போட்டிருக்கிறோம். பெரிய ஹோமங்கள் சனிக்கிழமை வேண்டாம் என்று குருக்களே சொல்லிவிட்டார். புகைமூட்டத்தால் 2015 செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளே மூடப்பட்ட ஊர் இது. அந்த நிலை திரும்பினால் வகுப்புகளை எப்போது நிறுத்துவது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம்.

திறந்தவெளிக்கு வருகிறேன். தகரக்கூரை போட்டு, உடைந்த நாற்காலிகளைக் குவித்துவைத்திருந்த இடம். கூரையைப் பிரித்து, வெளிச்சம் வரும்படி நடுவில் திறந்து, ஓரங்களில் மட்டும் நிழல் விட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளில் கிட்டப்பார்வை எவ்வளவு என்பதற்கு ஆதாரம் தேவையில்லை. தேவார வகுப்பில் மேல் வரிசையைப் பார்த்தாலே கண்ணாடிகள் மின்னும். வெளி வெளிச்சம் கண்ணின் விழித்திரையில் டோபமைனைச் சுரக்கவைத்து, விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அதனால்தான் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியில் இருக்கச் சொல்கிறார்கள். வெயிலில் காய வேண்டியதில்லை, மரநிழலும் போதும். தரை ஓடுகளிலேயே இரண்டு பாண்டிக் கட்டங்கள் பதித்திருக்கிறோம். ஐந்தாங்கல் ஆட ஒரு திண்ணையும் உண்டு. கிட்டிப்புள் கேட்ட தாத்தாக்களுக்கு, காப்புறுதி அனுமதிக்காது.

செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி வைக்கும் தட்டுகள் இருக்கின்றன. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் திரைநேரம் நாளுக்கு இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் தட்டுதான் காலியாகவே கிடக்கிறது. இதற்குமேல் எழுதினால் எனக்கும் சங்கடம்.

துளசி மாடத்தைச் சுற்றி அல்லிக்குளம் வேண்டும் என்ற யோசனையைக் கைவிட்டோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். வாரம் ஒருமுறை மட்டுமே ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குளம் வைப்பது டெங்கிக்கு வாடகை இல்லாமல் வீடு கொடுப்பதாகும். பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளையும் எடுத்துவிட்டோம்.

மரத்தடிச் சிமெண்டு இருக்கைகள் பாட்டி தாத்தாக்களுக்கானவை, அதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் சுகாதாரம், கல்வி, சமுதாய குடும்ப மேம்பாடு ஆகிய மூன்று அமைச்சுகளும் சேர்ந்து 'குரோ வெல் எஸ்ஜி' திட்டத்தைத் தொடங்கின. பள்ளிப் பரிசோதனையோடு உணவு, தூக்கம், உடலசைவு, திரைநேரம் பற்றிய சுகாதாரத் திட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கிறது. தொடக்கநிலை 1 முதல் 3 வரை முதலில். அந்தத் தகவல் போய்ச் சேருவது அப்பா அம்மாவின் கைத்தொலைபேசிக்கு. பள்ளி வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிவந்து, பிஸ்கட்டும் மைலோவும் வாங்கிக்கொடுப்பது பாட்டி. பாட்டிக்கு யாரும் எதையும் அனுப்புவதில்லை. தாதி அக்கா வகுப்பு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேசுகிறார். சோதனை எதுவும் செய்வதில்லை. அது பள்ளியும் பலதுறை மருந்தகமும் பார்க்கும் வேலை. இரவு ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டும் என்றால் தொலைக்காட்சித் தொடர் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்ற விவாதம் இரண்டு வாரமாக முடியாமல் நடக்கிறது.

மீதமிருப்பவை: மேற்குப் பக்கத்து நிழல்துணிக்கு அனுமதி இன்னும் வரவில்லை. சமையலறைத் தரைக்கு உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருப்பதால் எங்காவது தண்ணீர் தேங்கக் கண்டால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். பிறந்தநாள் உபயத்துக்கு சிப்ஸ் பொட்டலம், பொட்டலப் பானம், மிட்டாய் பைகளுக்குப் பதிலாகப் பழம், சுண்டல், மோர் இவற்றுக்குப் பணம் கட்டலாம். பட்டியல் முகப்பில் இருக்கிறது. ஏற்கெனவே பொட்டலங்களுக்குச் சொல்லிவைத்தவர்கள் இம்மாதம் மட்டும் கொடுக்கலாம். டம்ளர் கழுவச் சனிக்கிழமை காலை முறைக்கு ஆள் குறைகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் முகப்பில் உள்ள ஏட்டில் எழுதவும்.

இங்ஙனம்,
செயலாளர், திருப்பணிக் குழு