பாட நேரத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்: கல்வித் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியை. தலைமையாசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. ஒரே அறை, 23 பிள்ளைகள். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளம், வருகைப் பதிவுச் செயலி, வாட்ஸ்ஆப் குழு, பதிவு போடாத பள்ளிகளின் காலைப் பட்டியல் இவற்றைப் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வகுத்துக் கொடுத்தவைதான். அவை எங்கள் அறைக்குள் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பது உங்கள் பார்வைக்கு எட்டாமல் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பாட நேரத்தில் எங்களிடம் பதிவேற்றம் கேட்காதீர்கள்.

சென்ற வாரத் திங்கட்கிழமை என் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, இரவெல்லாம் ஊறிய மொச்சையை ஊன்றி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒன்றும் முளைத்திருக்கவில்லை. புதன்கிழமையும் இல்லை. மண்ணுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். வேர் முதலில் வருமா, இலை முதலில் வருமா என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. இலைக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

இந்தக் கேள்விக்குக் கரும்பலகை போதாது. விதையை வரையலாம், வேரை வரையலாம், ஒன்று மற்றொன்றாக மாறுவதை வரைய முடியாது. பல நாள் வளர்ச்சியை இரண்டே நிமிடத்தில் காட்டும் காணொளி ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன். விதை நீர் குடித்து உப்பும், தோல் கீறும், வெள்ளை வேர் கீழே திரும்பும், பிறகு தண்டு முதுகை வளைத்து மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும். மண்ணுக்கடியில் கண்ணுக்கு மறைந்து நடப்பதை மலையடிவாரத்துப் பிள்ளைக்குக் காட்ட ஸ்மார்ட் போர்டை விடப் பொருத்தமான கருவி வேறு இல்லை. இந்தக் கருவிகளை எதிர்ப்பவள் நான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியின் இணைய இணைப்பு மழைக்காலத்தில் அறுந்தது. இன்னும் சரியாகவில்லை. என் கைபேசியை ஜன்னல் திண்டின் ஒரு குறிப்பிட்ட மூலையில் சாய்த்து வைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். அந்த ஹாட்ஸ்பாட்டில்தான் போர்டு ஓடுகிறது. வியாழக்கிழமை 11 மணிக்குக் காணொளியைப் போட்டேன். பிள்ளைகள் பாயோடு நகர்ந்து நகர்ந்து போர்டுக்கு ஒரு முழ தூரத்துக்கு வந்துவிட்டார்கள். விதையின் தோல் கீறுகிற இடத்தில் கைபேசி அடித்தது. கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு.

வருகைப் பதிவு போடாத பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளி சிவப்பில் இருக்கிறதாம். 11:30 மணிக்குள் முடித்துவிட வேண்டுமாம். பேசியவர் கடிந்து பேசவில்லை, அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவருக்கு மேலே உள்ளவர் அவரைக் கேட்கிறார். காலை 9:20 மணிக்கே பதிவு போட்டுவிட்டேன், 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வந்தது என்று சொன்னேன். சர்வருக்கு வந்து சேரவில்லை, மறுபடி போடுங்கள் அம்மா என்றார்.

செயலியும் காணொளியும் ஒரே கைபேசியில், அந்த இரண்டு கோடு சிக்னலில். ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. காணொளியை நிறுத்தினேன். அப்படியும் செயலி திறக்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடமான தண்ணீர்த் தொட்டி மேடைக்குப் போனேன். உள்நுழைந்தேன், வெளியே தள்ளியது. கடவுச்சொல் கேட்டது, ஓ.டி.பி. கேட்டது, ஓ.டி.பி. வருவதற்குள் அதன் நேரம் முடிந்தது. பதிவு ஏறியபோது மணி 11:40. அன்று ஒரு பிள்ளைகூட விடுப்பு இல்லை. 23 பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பதிவதற்காக, வந்திருந்த அவர்களை விட்டுவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது போர்டில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துச் சத்தத்தை அடக்கிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கொட்டாங்குச்சியைத் தரையில் கவிழ்த்திருந்தான். எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? தோண்டியே பார்த்துவிட்டான். "வேர்தான் முதலில், டீச்சர்" என்று உள்ளங்கையை நீட்டினான். அரை அங்குல வெள்ளை வேர், விதையிலிருந்து ஒடிந்து தனியே கிடந்தது. திரும்ப நட்டால் வளருமா என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு உங்களில் யாராவது அன்று என் இடத்தில் நின்று பதில் சொல்லியிருந்தால் இந்த மடலுக்கு அவசியம் இருந்திருக்காது.

ஒரு நாள் நடந்ததை வைத்துக்கொண்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஜூன் மாதத்திலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். வருகை, மதிப்பீடு, புகைப்படம், வந்து சேர்ந்த பொருள்களின் கணக்கு, பெற்றோர் விவரம் எல்லாம் சேர்த்துப் பாட நேரத்திலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 40 நிமிடம் போகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 பாட மணி என்று வரையறுத்திருக்கிறது. 200 நாளுக்கு 40 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். 133 மணி நேரம் வருகிறது. என் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்கு. அதே 2009 சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்துக் கல்வி சாராத எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேற்றம் கல்வி சார்ந்த பணிதானே என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அதைத் தண்ணீர்த் தொட்டி மேடையில் நின்று செய்ய நேரும் அந்த நேரத்தில் கல்வி எங்கே இருக்கிறது என்று பணிவோடு கேட்கிறேன்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது முதலில் நம்பியவர்களில் நானும் ஒருத்தி. கொரோனாக் காலத்தில் மூடிய பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. பாடம் கைபேசியில் வந்தது, கைபேசி அப்பாவோடு விடியற்காலையிலேயே மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரையாவது அந்த நாட்களில் பாடத்தோடு கட்டி வைத்தது. நன்றியோடு சொல்கிறேன். பிறகு இந்தத் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக்கி, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொன்னார்கள். பாட்டும் பொம்மையும் அட்டையுமாகப் பிள்ளைகள் எழுந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்த ஒருத்தி பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தத் திட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு இணையத்தில் ஏற்றச் சொன்னபோதுதான் ஒரு பிள்ளையை நான் பார்க்க, 22 பிள்ளைகள் சும்மா இருக்கும் நிலை வந்தது. அந்த ஒரு பிள்ளைக்கு எது வரவில்லை என்பது மதிப்பீட்டுக்கு முன்பே எனக்குத் தெரியும். தினமும் அவளோடுதானே இருக்கிறேன்.

இதோடு இன்னும் எத்தனையோ. ஒரே பிள்ளையின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ரத்த வகையையும் ஓர் ஆண்டில் எத்தனை படிவத்தில்தான் நிரப்புவது? ஒருமுறை கொடுத்த விவரம் உங்களிடம்தானே இருக்கிறது? இந்த ஆண்டு ஐந்து பயிற்சிகளுக்குப் போனேன். நான்கில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் போர்டை வைத்து மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது எப்படி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. போர்டின் பேனா போன வருடம் பழுதானது. புகார் எண்ணில் சொல்லியிருக்கிறேன். டேட்டா தீர்ந்தால் என் சம்பளத்தில்தான் ரீசார்ஜ். அந்தப் பணத்தை நான் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் என் காசில் வாங்கிய டேட்டாவும் விதை முளைப்பதைக் காட்ட உதவாமல் சிவப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கத்தான் செலவாகிறது என்னும்போது மனம் ஆறவில்லை.

மன்னிக்க வேண்டும். கோபத்தில் ஒன்றைக் கேட்க வந்து ஒன்பதைச் சொல்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். பாட நேரத்தில் எங்களிடம் பதிவேற்றம் கேட்காதீர்கள்.

இது முடியாத காரியம் இல்லை. வருகையைக் காலையில் செயலியில் குறித்துவிடுகிறோம். இணையம் இல்லாதபோது அது கைபேசியிலேயே பத்திரமாக இருந்து, சிக்னல் கிடைக்கும்போது தானே போய்ச் சேரும்படி செய்யுங்கள். இன்று எத்தனையோ செயலிகள் அப்படித்தான் இயங்குகின்றன. மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் மட்டும் 37 ஆயிரத்துக்கு மேல். எல்லோரும் காலை ஒரே வேளையில் ஒரே கதவைத் தட்டினால் எந்தச் சர்வர்தான் திணறாது? போடாத பள்ளிகளின் பட்டியலை மாலை 5 மணிக்கு எடுங்கள். அப்போதும் எங்கள் பெயர் சிவப்பில் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

மதிய உணவுக்கு எண்ணிக்கை வேண்டுமே என்று இதற்கு முன் ஒரு கூட்டத்தில் எனக்குப் பதில் வந்தது. எங்கள் சத்துணவு அமைப்பாளர் தினமும் வகுப்பு வாசலில் நின்று தலையை எண்ணிக்கொண்டு போகிறார். உலையில் அரிசி போட அவருக்கு அது போதும். சர்வரைக் கேட்டு அவர் ஒருநாளும் சமைத்ததில்லை.

யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுக்க முழுக்கத் தொழில்நுட்பத்தைப் பற்றியது. இந்தக் கருவி யாருடைய நிபந்தனைப்படி என்பதுதான் அதன் தலைப்பிலேயே உள்ள கேள்வி. உங்கள் கோப்புகளிலும் அந்த அறிக்கை இருக்கும். எங்கள் அறையில் உள்ள போர்டு, டேப்லெட், கைபேசி மூன்றுக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காலை முதல் மாலை வரை அவை பிள்ளைகளுக்கு வேலை செய்தது எவ்வளவு நேரம், மேலே அனுப்ப வேலை செய்தது எவ்வளவு நேரம் என்று எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முன்னறிவிப்பு வேண்டாம், வரவேற்பும் வேண்டாம். பாயில் இடம் தருகிறோம்.

அந்தப் பையனுக்குப் புது விதை கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையே ஊன்றிவிட்டான். மற்றவர்களின் மொச்சை நேற்று மண்ணைப் பிளந்துகொண்டு தலை காட்டியது. அவனுடையது இன்னும் இல்லை. தோண்ட மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். நான் அவனுக்கு அந்தக் காணொளியை முழுதாகக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அதை மீண்டும் போடப் போகிறேன். இரண்டு நிமிடக் காணொளி, அதன் பிறகு அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஒரு முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் எங்களை அழைக்க வேண்டாம் என்று தயவுகூர்ந்து எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் இடைநிலை ஆசிரியை