ஹைட்ரஜன் வாகனம்: கலனைவிட இணைப்புகளே கவலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹைட்ரஜன் வாகனங்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டியிலுள்ள கலன் வெடித்துவிடுமோ என்ற அச்சத்தைப் பற்றியே அது பெரும்பாலும் பேசுகிறது. எனக்கோ எரிபொருள் நிரப்பும் நிலையத்தின் போல்ட்டுகளும் குழாய் இணைப்புகளுமே அதிகக் கவலை தருகின்றன.

கார்களில் ஹைட்ரஜன் 700 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 700 மடங்கில், அடைக்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால், பிளாஸ்டிக் உள்ளுறையின் மீது கார்பன் இழையைப் பல அடுக்குகளாகச் சுற்றிச் செய்யப்படும் அந்தக் கலனின் வடிவமைப்பு, தீயில் இட்டும் இயல்பைப்போல் குறைந்தது இரு மடங்கு அழுத்தம் ஏற்றியும் சோதிக்கப்பட்ட பிறகே அனுமதி பெறுகிறது. வண்டி தீப்பற்றினால், வெப்பம் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸை எட்டும்போது பாதுகாப்பு வால்வு திறந்து, கலன் வெடிக்குமுன் வாயுவை வெளியேற்றிவிடும்.

நிலையத்தின் பாதுகாப்போ அன்றாடம் அதைப் பராமரிப்பவர்களின் கையில் இருக்கிறது. 2019 ஜூன் 10 அன்று நார்வேயின் சான்ட்விகாவில் ஒரு நிலையம் வெடித்ததற்கு, உயர் அழுத்தச் சேமிப்புக் கலனின் அடைப்பானில் போல்ட்டுகள் போதிய அளவு முறுக்கப்படாததால் ஏற்பட்ட கசிவே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும் அதிர்ச்சி அலையால் அருகில் சென்ற காரின் காற்றுப்பைகள் விரிந்து, அதில் இருந்தவர்கள் காயமடைந்தனர்.

ஹைட்ரஜனுக்கு மணம் கிடையாது. சமையல் எரிவாயுவில் செய்வதுபோல் மணமூட்டியைக் கலந்தால், அதிலுள்ள கந்தகம், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் உண்டாக்கி வண்டியை ஓட்டும் எரிபொருள் மின்கலத்தின் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜனின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே அது தீப்பற்றும். அதற்கு மிகச் சிறிய பொறி போதும். திறந்தவெளியில் விரைந்து மேலெழுந்து கலைந்துவிடும் இந்த வாயு, காற்றோட்டமில்லாத கூரையின்கீழ் தேங்கி நிற்கும் என்பதால், மூடிய வாகன நிறுத்துமிடங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே, ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் இணைப்புகளின் இறுக்கத்தை, அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் அளந்து கையொப்பமிட வேண்டும். கசிவுணரிகளைக் குறித்த காலத்தில் சோதித்து, அந்தப் பதிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். தீயணைப்பு வீரர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத சுடரைக் காட்டும் வெப்பக் கேமராவும் அதைக் கையாளும் பயிற்சியும், நிலையம் திறக்கப்படுவதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்