ஜார்ஜ் டவுனுக்கு ஒரு நாள் ஒதுக்கி வை

அன்புள்ள தேன்மொழிக்கு,

இங்கு அனைவரும் நலம். டொராண்டோவில் இத்தனை வருடம் வாழ்ந்தும் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறார்களே என்று போன வாரம் வருத்தப்பட்டாய். அன்றிலிருந்து எனக்கு, எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் வாழ்ந்த நம் சென்னை ஜார்ஜ் டவுன் நினைவுதான். பாரிமுனை என்றால் உனக்குப் பாத்திரக்கடையும் வளையல் கடையும்தான் தெரியும்.

அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. உள்ளே தரையெங்கும் கல்லறைக் கற்கள். அவற்றில் நமக்கு ஓர் எழுத்தும் பிடிபடாது. உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794-இல் அச்சானது நம் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியாரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

அவருக்கு முன்பே வந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-இல் பாலம் கட்டியவர் அவர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. எல்லாம் சொந்தப் பணம். எந்த ஊர் என்று அவரையும் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்தபோது அவருடைய சொத்துகளைப் பறித்துக்கொண்டார்கள். 1751-இல் காலமானார். உடலை வேப்பேரியில் புதைத்துவிட்டு, அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் பாரசீகத்தில் அவர் பிறந்த ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா.

பவழக்காரத் தெருவில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பவளம் விற்றார்கள். சௌகார்பேட்டை குஜராத்திகளும் மார்வாடிகளும் வளர்த்த இடம்.

பர்மா பஜார் கதை நம்மவர்களுடையது. 1964-இல் பர்மா ராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியதும், பிழைப்பிழந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பலர் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ்நாடே அவர்களுக்கு அயலூர். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டு எழுந்து நின்றார்கள். அந்தப் பக்கம் அத்தோ கடைகள் இன்றும் இருக்கின்றன. நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் போட்டு, புளித்தண்ணீர் விட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான பலகாரத்தை நொறுக்கிச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

பிப்ரவரியில் வரும்போது ஒரு முழு நாள் எனக்கு வேண்டும். காலையிலேயே தேவாலயத்துக்குப் போய்விடலாம். மாலையில் அத்தோ. பேரனையும் அழைத்து வா. அவனுக்குக் காரம் குறைத்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா